பெருக்கினால் ஏன் ஆறு எண்கள் வருகின்றன?

நண்பரே, ரோஸ் ஹில், குவாட்டர் போர்ன் கடைகள் இரண்டிலும் விற்ற மூன்று பொருள்களின் அளவை 2×3 அணியாகவும் (இரண்டு நிரை அதாவது கிடைவரிசை, மூன்று நிரல் அதாவது நெடுவரிசை கொண்ட எண் அட்டவணை), விலைகளை மூன்று எண்களாகவும் வைத்துப் பெருக்கினால், கடைக்கு ஒரு மொத்தம் வராமல் ஆறு எண்கள் வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு சரிதான். போட்ட குறிதான் வேறு.

பைத்தான் நிரல்மொழியின் கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy) * குறி அணிப்பெருக்கல் செய்யாது. உறுப்புக்கு உறுப்பு பெருக்கிவிட்டு நின்றுவிடும். ரோஸ் ஹில் நிரை 4, 2, 5 என்றும் விலை 50, 80, 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். * கொடுப்பது 200, 160, 100. கூட்டல் நடக்கவே இல்லை. அணிப்பெருக்கலின் உயிரே அந்தக் கூட்டல்தான்! அதே இடத்தில் @ போடுங்கள், 460 வந்துவிடும். 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5 முதல் இந்தக் குறி இருக்கிறது.

விற்பனை முதலில், விலை பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் அணியின் நிரல்களும் அடுத்ததன் நிரைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். இப்போது திருப்பிப் போட்டால் விலையின் 3உம் கடை நிரைகளின் 2உம் பொருந்தாமல் பிழைச்செய்தி வரும், நல்லதுதான். நாளை மூன்றாவது கடை சேர்ந்தால் 3உம் 3உம் பொருந்திவிடும், அந்தப் பிழைச்செய்தியும் வராது. தவறான விடை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒரு நிரையையாவது கையால் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.