குதிரைகள் நடந்த கரை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தென் பிரான்ஸில் மிதி கால்வாயின் கரையோரம் சைக்கிளில் சென்றதைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். தார் முடிந்து சரளை தொடங்கிய இடத்தில்தான் பயணமே தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு 61 வயது. கோவையில் பன்னிரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். லாரிகளுக்கு அஞ்சி ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். வரும் ஏப்ரலில் துலூஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள். வசதியுள்ள ஒரு நாடு, மோட்டார் வண்டிகளே வராத ஒரு பாதையைத் தார் போடாமல் விட்டுவைத்திருப்பதில் மெச்ச என்ன இருக்கிறது? மூட்டு வலியுள்ள என் போன்றவர்கள் அதில் ஓட்ட முடியுமா?

அன்புடன்,
ந., கோவை

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதிலில் முதல் கேள்விக்கான பதிலும் பாதி இருக்கிறது. முட்டியைச் சோதிப்பது ஏற்றம்தான். சரளை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. துலூஸிலிருந்து கால்வாயின் மிக உயர்ந்த இடமான நோரூஸ் வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தொலைவிலும் நீங்கள் ஏறப்போவது ஏறத்தாழ 60 மீட்டர் மட்டுமே. அதுவும் ஒரேயடியாக ஏறுவதில்லை. படகுகளைப் படிப்படியாக உயர்த்தும் மதகுத்தொட்டி ஒவ்வொன்றின் அருகிலும் பாதை சில அடிகள் மேலேறும், பிறகு அடுத்த தொட்டி வரை மேசைப் பலகை போலக் கிடக்கும். முட்டி வலிக்கு இதைவிட இதமான பாதையைத் தேடினாலும் கிடைக்காது.

இந்தச் சமதளத்தைச் சைக்கிளுக்காக யாரும் போடவில்லை என்பதைத்தான் நான் அந்தக் குறிப்பில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் இந்த 240 கிலோமீட்டர் நீர்வழிக்கு 1666ஆம் ஆண்டு பதினான்காம் லூயியின் ஆணை பிறந்தது. உப்பு வரி வசூலித்துவந்த பியர்-போல் ரிக்கே அதை வெட்டும் பொறுப்பை ஏற்றார். ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டாயிரம் பேர் வரை ஒரே காலத்தில் மண் சுமந்தார்கள். 1681இல் கால்வாய் திறக்கப்பட்டபோது ரிக்கே உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அக்காலப் படகுகளில் எந்திரம் கிடையாது. கரையில் நடக்கும் குதிரைதான் கயிறு கட்டிப் படகை இழுத்தது. குதிரைக்குத் தடையற்ற, மட்டமான, நீரை ஒட்டிய ஒரு நடைபாதை தேவைப்பட்டது. பிரெஞ்சில் அதை இன்றும் இழுவைப் பாதை என்றே அழைக்கிறார்கள். குதிரையை அவிழ்த்துக் கட்டாமல் கடக்க வேண்டும் என்பதற்காகவே பல பாலங்களில் வளைவுக்கு அடியிலேயே பாதை செல்கிறது. சைக்கிளில் செல்பவர் சாலைகளைக் குறுக்கே கடக்காமல் அவற்றுக்குக் கீழே நுழைந்து வெளியேறும் அந்தச் சுகம், குதிரையின் வசதியை முன்னிட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஏற்பாட்டின் மிச்சம்.

அப்படிப்பட்ட ஒரு பழைய பாலத்தின் அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, வளைவின் விளிம்புக் கல்லில் என் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளங்கள் இருப்பதைப் பார்த்தேன். முதலில் யாரோ உளியால் செதுக்கியது என்று எண்ணினேன். தடவிப் பார்த்தால் உள்பக்கம் வழுவழுவென்று, நம் ஊர்க் கிணற்றுத் திண்டில் கயிறு அறுத்த தடம் போலவே இருந்தது. நனைந்த கயிறும் அதில் ஒட்டிய மணலும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லை அறுத்திருக்கின்றன. எழுதத் தெரியாத குதிரைக்காரர்கள் எழுதிவிட்டுப் போன கையெழுத்தாகவே அதை நான் எண்ணிக்கொள்கிறேன். நீங்கள் செல்லும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் பள்ளத்தில் ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள்.

பிரான்ஸின் மற்ற சரளைப் பாதைகளிலும் கதை இதுதான். 1879இல் ஃப்ரெய்சினே திட்டம் என்ற அரசுத் திட்டம் சிற்றூர்களுக்கெல்லாம் ரயில் பாதை போட வழிசெய்தது. பேருந்தும் லாரியும் வந்தபின் அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு எஞ்சியது, நீராவி எந்திரம் மூச்சு வாங்காமல் ஏறுவதற்காக மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவைக் குறைத்த ஒரு நீண்ட மேடை. அதன் மேல் 1997இல் பர்கண்டி வட்டாரத்தில் கிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே முதல் ‘பசுமை வழி’ அமைந்தது. மோட்டார் வண்டி நுழையக் கூடாத, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரையேற்றத்துக்கும் மட்டுமான வழி என்று 2004இல் சாலை விதிகளிலேயே அதற்கு இடம் தந்தார்கள். உங்களுக்குக் கூடுதல் நாட்கள் இருந்தால், மசாமேயிலிருந்து பெதாரியு வரை மலையடிவாரத்தில் செல்லும் பழைய ரயில் தடத்தையும் பாருங்கள். சுரங்கங்கள் உண்டு, எனவே விளக்கு அவசியம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுவே. வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் இடையே செல்லும் வண்டித்தடங்கள் பிரெஞ்சுச் சட்டப்படி ஊராட்சியின் சொத்து. ஆனால் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை. நில அளவை வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் அவற்றில் நாள் முழுவதும் சென்றாலும் ஒரு டிராக்டரைத் தவிர வேறெதையும் சந்திக்காமல் திரும்பலாம்.

இனி தாரைப் பற்றி. துலூஸிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், மாவட்ட எல்லை வரை, பாதை தார் போட்டதுதான். நகரத்தை ஒட்டிய பகுதியில் அது சரியென்றே நினைக்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் சரளை ஒரு தடை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்தத் தார்ப் பகுதியிலேயே ஓர் உண்மையையும் உடல் உணர்ந்துவிடும். கரையோரம் நிழலுக்காக நட்ட பிளேன் என்னும் மரங்களின் வேர்கள் தாரை அடியிலிருந்து முட்டித் தூக்கியிருக்கும் இடங்களில் முட்டியும் மணிக்கட்டும் படும் பாடு, சரளையில் படுவதைவிட அதிகம். மணலும் பொடிக்கல்லும் கலந்து உருளையால் அழுத்திய பாதை வேரோடு சேர்ந்து மெல்ல வளைந்துகொடுக்கும், மழைநீரை உள்ளே இறக்கிவிடும், பழுதானால் ஒரு வண்டி மண்ணில் சரியாகிவிடும். வேகமும் தானாகவே குறையும். தாரில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் பறப்பவருக்கு, எதிரே நாயோடு நடந்துவரும் மூதாட்டி ஒரு தொல்லை. சரளையில் மணிக்குப் பதினாறில் செல்பவர் அவருக்கு ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நிதானத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். தாரில்லாத பாதையை நான் மெச்சியது இதனால்தான்.

மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படங்களில் காணும் நிழற்குகையை எதிர்பார்த்துச் சென்றால் சில இடங்களில் மனம் கசந்துபோகும். கரையில் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் அவற்றில் தெரியவந்தது. இரண்டாம் உலகப் போரில் வந்திறங்கிய அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தில் அது பிரான்சுக்குள் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. கர்காசோன் நகரைத் தாண்டி மொட்டையாக நின்ற ஒரு நீண்ட கரையில் நண்பகல் வெயிலில் சென்றபோது, சாவு நடந்த வீட்டைக் கடப்பது போலத் தொண்டை அடைத்தது. துருக்கி ஓக் உள்ளிட்ட பல வகை மரங்களை இப்போது கலந்து நட்டிருக்கிறார்கள். ஒரே இனத்தை நட்டதால் நேர்ந்த இழப்பு மீண்டும் நேராதிருக்கவே இந்தக் கலப்பு.

ஓட்டத்துக்கு வேண்டியவை: 40 மில்லிமீட்டர் அகல டயர் உள்ள சைக்கிளை வாடகைக்குக் கேளுங்கள். உங்கள் எடைக்கேற்ப 40 பிஎஸ்ஐ அளவில் காற்று போதும். கோவைத் தார்ச்சாலைக்கு அடிப்பதைப் போல அடித்தால் கற்கள் உங்களைத் தூக்கிப் போடும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கைத் திடீரென அழுத்தாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் வண்டித்தடங்களைத் தவிருங்கள். அப்பகுதிக் களிமண் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு சைக்கிளைத் தோளில் சுமக்க வைத்துவிடும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் சிற்றூர்களில் கடை திறந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் தீர்ந்தால் அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே ஒரு குழாய் பெரும்பாலும் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையென்றால் நிரப்பிக்கொள்ளலாம். எனக்கு முதல் முறை தயக்கமாக இருந்தது. அங்கு வந்திருந்த முதியவர் ஒருவர் தம் வாளியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

புறப்படும் நாளில் காற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கிலிருந்து வீசும் ஓத்தான் காற்று அந்தச் சமவெளியில் சில நாட்கள் தொடர்ந்து அடிக்கும். எதிர்த்து ஓட்டினால் சமதளமே மலையாகிவிடும். அது வீசும் நாளாக இருந்தால் துலூஸிலிருந்து ஓட்டத் தொடங்காதீர்கள். ரயில் பாதையும் கால்வாயைப் போலவே நோரூஸ் கணவாய் வழியாகத்தான் செல்கிறது. வட்டார ரயிலில் இடமிருந்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். நோரூஸுக்கு அப்பால் உள்ள காஸ்டெல்நோடரியில் இறங்கி, முதல் ஒரு மணி நேரம் சரளையில் மெதுவாக வந்து, நோரூஸில் மரநிழலில் சாப்பிட்டுவிட்டுத் தார்ப் பாதையைப் பிடித்தால், காற்றே உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டுவந்து பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டில் சேர்த்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்