அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ளூர் ஃபயர் கம்பெனியில், அதாவது தீயணைப்புக் குழுவில், தன்னார்வலராகச் சேர முன் அனுபவம் வேண்டுமா?

வேண்டாம். 1736-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இது ஊர்க்காரர்கள் கூடிச் செய்யும் வேலை. இன்றும் சிற்றூர்களில் தீயணைப்பு வண்டியை ஓட்டி வருவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

ஆனால் சேர்ந்த அன்றே உங்களை யாரும் நெருப்புக்குள் அனுப்ப மாட்டார்கள். அடிப்படைப் பயிற்சியே நூறு மணி நேரத்துக்கு மேல், மாலைகளிலும் வார இறுதிகளிலும் மாதக்கணக்கில் போகும். ஹோஸ், ஏணி, முடிச்சு எல்லாம் பழகிவிடும், கடினம் மூச்சுக் கருவிதான். முகமூடியின் கண்ணாடியை மறைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே தவழ்ந்து ஆளைத் தேடச் சொல்வார்கள். அந்தக் கருவியின் காற்றுச் சிலிண்டர் 30 நிமிடத்துக்கு என்று சொன்னாலும், பதறி மூச்சு வாங்கினால் வெகு முன்பே காலியாகிவிடும், அதனால் நிதானமாக மூச்சுவிடப் பழகுவது உயிர் காக்கும் விஷயம். முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் எடுத்தே ஆகவேண்டும்.

நெருப்புக்குள் போக மனம் வரவில்லையா? சரி, அதற்காக ஒதுங்காதீர்கள். விபத்து நடந்த இடத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த, கணக்கு எழுத, நிதி திரட்ட என்று ஆள் தேவை அவ்வளவு இருக்கிறது. பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் நேரில் போய்க் கேளுங்கள்.