பழைய பல்லும் பழைய சாப்பாடும்: கேள்வி பதில்

கல்லடி மாணவி: ஆயிரமாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று பல்லை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி, தங்கச்சி. நெல்லும் காட்டுக் கிழங்கும் காற்றிலிருந்து காபனை எடுப்பது ஒரு வழி, குரக்கன் எடுப்பது வேறு வழி. அதனால் குரக்கனில் காபன்-13 என்ற கனமான காபன் வகை கொஞ்சம் கூட. சாப்பிட்டவரின் பல்லை மூடியிருக்கும் கெட்டியான வெளிப்பூச்சான எனாமலிலும் அந்த வித்தியாசம் ஏறிவிடும். சின்ன வயதில் உருவான எனாமல் பிறகு மாறுவதில்லை. மெல்லிய துரப்பணத்தால் சில மில்லிகிராம் சுரண்டினால் போதும், ஒரு சிட்டிகைகூட வராத வெள்ளைத் தூள். நம் வெக்கையிலும் மழையிலும் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் அழிந்துபோகும், எனாமல் தாக்குப்பிடிக்கும். 2015இல் வந்த ஆய்வு ஒன்றில், இரத்தினபுரிப் பக்கத்துப் படதொம்பலென குகை உட்பட இலங்கைக் களங்களில் கிடைத்த 26 பேரின் பற்களைப் பார்த்தார்கள். சுமார் 20,000 ஆண்டுக்கு முன்னரே மழைக்காட்டு உணவை நம்பி இங்கே மனிதர் வாழ்ந்தது தெரிந்தது. அடர்காட்டில் வேட்டையாடிப் பிழைப்பது கஷ்டம் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள்.

செங்கலடி வாசகர்: கிணறு வெட்டும்போது ஒரு பல் வந்தது. கழுவி வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறோம்.

ஐயா, இனியாவது தொடாதீர்கள். வார்னிஷிலும் காபன் உண்டு. மனித எச்சம் என்றால் முதலில் பொலிஸ், அப்புறம் தொல்லியல் திணைக்களம்.

ஏறாவூர் வாசகர்: 3,000 ஆண்டுக்கு முன் நம்மவர் சேனையில் சோளன் தின்றது பல்லில் தெரியுமா?

தெரியாது. சோளன் அமெரிக்காவின் பயிர், 1492க்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

அதே வாசகர்: காபன்-13 கூடினால் சோளன்தானே?

இல்லை, தம்பி. குரக்கனாகவும் இருக்கலாம்.

வாழைச்சேனை வாசகர்: மீன் தின்றவனுக்கு?

இதுதான் நம் கரையில் முக்கியமான கேள்வி! கடல்மீனிலும் காபன்-13 கூட, ஆகவே காபனை மட்டும் பார்த்தால் மீன்காரனும் குரக்கன்காரனும் ஒன்றாகத் தெரிவார்கள். பிரித்தறிய நைதரசன் வேண்டும். மீன் தின்றவரிடம் கனமான நைதரசன் ஏறியிருக்கும். எனாமலில் நைதரசன் மிக மிகக் குறைவு, அதனால் வழக்கமாக எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டீன் என்ற பகுதியின் கொலாஜன் பிழைத்திருந்தால் அதைத்தான் பார்ப்பார்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: அந்தப் பல் எந்த இனத்தவருடையது?

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. காபன் மொழியும் மதமும் சொல்லாது, சாப்பாட்டைத்தான் சொல்லும்.

களுவாஞ்சிகுடி வாசகி: எனக்குப் பல்வலி...

பல் வைத்தியரிடம் போங்கள், அக்கா.

கல்லடி மாணவி: எந்தப் பல் நல்லது?

ஞானப்பல். முதல் கடைவாய்ப்பல் உருவாகும்போது பிள்ளை தாய்ப்பால் குடிக்கும், அதன் சாயல் கலந்துவிடும். ஞானப்பல்லின் எனாமல் பால்குடி மறந்து பல வருடம் கழித்தே உருவாகிறது.

செங்கலடி வாசகர்: எங்களுடையதும் ஞானப்பல் போலத்தான். வார்னிஷைச் சுரண்டவா?

வேண்டாம் ஐயா! கடதாசி உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, இன்றைக்கே அறிவியுங்கள்.