உயிர் எலி வேண்டாம், உறைந்த எலியே போதும்

உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: "இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படிக்கும் என் மகன் ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) வாங்கியிருக்கிறான். உறைந்த எலியைக் கொடுத்தால் ஐந்து வாரமாக வாயே வைக்கவில்லை. விற்றவர், உயிர் எலியை உள்ளே விட்டால்தான் சாப்பிடும் என்கிறார். விடலாமா? படிப்பு முடிந்ததும் பாம்பைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வழி உண்டா?"

விட வேண்டாம், அம்மா. வளர்ந்த பால் பைத்தானுக்கு ஐந்து வாரப் பட்டினி பெரிய விஷயமே இல்லை. மாதக்கணக்கில் சாப்பிடாமல் சும்மா சுருண்டு கிடக்கும். ஆனால் குட்டி என்றால் கதை வேறு. வாங்கிவந்த நாளிலிருந்து ஒரு எலிகூடத் தின்னாத குட்டியை ஐந்து வாரம் விட்டுவைக்கக் கூடாது. அதன் உடம்பில் சேமிப்பு இல்லை. அதனால் மகனிடம் முதலில் எடையைக் கேளுங்கள். சமையல் தராசு போதும், வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைக்கட்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பெரியதோ சிறியதோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

உயிர் எலியை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன்? இங்கிலாந்தில் நான் வேலை பார்த்தபோது ஓர் இளைஞர் தன் பாம்பைத் தலையணை உறையில் போட்டு எடுத்துவந்தார். இரவு எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். பாம்புக்குப் பசியில்லை, எலிக்குப் பசி. முதுகில் ஒரு சாண் நீளத்துக்குச் செதில் போய் எலும்பு தெரிந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டோம். எலி படும் பாட்டையும் மறக்க வேண்டாம். அந்த நாட்டின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் எலிக்கும் சேர்த்துத்தான்.

சரி, உறைந்த எலியை எப்படிக் கொடுப்பது? தேக்கா சந்தையில் வாங்கிய உறைமீனை முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கிவைப்போமே, அதே மாதிரி. மறுநாள் மாலை, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். பால் பைத்தானின் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றால்தான் அது சூட்டை உணர்கிறது. வெதுவெதுப்பில்லாத எலி அதன் கண்ணுக்குச் சாப்பாடே இல்லை. 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வரட்டும், தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் இரவு உள்ளேயே வைத்துவிட்டுக் காலையில் குப்பையில் போடட்டும். திரும்ப உறையவைக்கக் கூடாது. வெந்நீருக்குச் சமையல் பாத்திரமும் வேண்டாம்: உறையவைத்தாலும் சால்மோனெல்லா சாகாது.

எலி பாம்பின் பருத்த இடத்தின் தடிமனுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கூட்டில் 31, 32 டிகிரி வெப்பமுள்ள ஒரு மூலையும் ஒளிந்துகொள்ள இரண்டு இடமும் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குளிரிலும் பயத்திலும் பாம்பு சாப்பிடாது.

விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை. "உயிர் எலி மட்டும்தான்" என்று சொன்னாலே எனக்குச் சந்தேகம் வரும். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகி வரும் பாம்புகள் மலிவு, வயிற்றில் புழுவோடு வரும், சாப்பிட மறுக்கும். கடைசியாக என்ன தின்றது, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேட்கட்டும். எச்சத்தைச் சோதிக்கவும் கொடுக்கட்டும். இங்கிலாந்தில் வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், பராமரிப்பு விவரமும் தர வேண்டும் என்று 2018லேயே விதி போட்டாயிற்று. வாங்குபவர் கையில் ஒரு தாளாவது வந்து சேர்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்?

சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியாது. இங்கே செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியுள்ளவற்றில் பாம்பு இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் நிலை இதுதான். டெலிகிராமில் "பெர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள், அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிரினம், மாட்டினால் வழக்கு உங்கள் மகன் பெயரில்தான். வளர்க்கக் கூடாது என்ற ஒரே வரியோடு நாம் நிறுத்திக்கொள்வதால் பிள்ளைகள் அந்தத் தரகர்களிடமே போய் ஆலோசனை கேட்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்தப் பாம்பு 20, 30 ஆண்டு வாழக்கூடியது. கடைசித் தேர்வு முடியும்வரை காத்திருக்காமல், அங்கேயே அதை எடுத்துக்கொள்ளும் ஒருவரை மகன் இப்போதே தேடத் தொடங்கட்டும்.