தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி: பழுது பார்ப்பதற்கு முன்

கேள்வி: என் தாத்தா கூடலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். ஊர் திரும்பிய ஆங்கிலேய மேலாளர் கொடுத்துச் சென்ற இரட்டைக் குழல் வேட்டை ரைஃபிள் ஒன்றை உரிமத்தோடு வைத்திருந்தார். 1998இல் அவர் காலமானார். அண்மையில் பரணைச் சுத்தம் செய்தபோது தோல் பெட்டியோடு அது கிடைத்தது. குழலில் ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயரும் 470 என்ற எண்ணும் உள்ளன. துரு ஏறியிருக்கிறது, ஒரு விசை அசையவில்லை. தெரிந்த லேத் பட்டறைக்காரர் புதிது போல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். இவ்வளவு பழைய பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்கள். சரிசெய்து, மதிப்பிட்டு, வைத்துக்கொள்ளவோ விற்கவோ முடியுமா?

பதில்: முதலில் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்பவருக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டுகளும் அதிகபட்சம் ஆயுள் காலமும் சிறை விதிக்க முடியும். நட்புக்காக உதவ வந்தவரை இந்த வம்பில் மாட்டிவிட வேண்டாம்.

‘பழைய பொருளுக்கு உரிமம் தேவையில்லை’ என்பது பாதி உண்மை. வழக்கமான பழைய பிழையும்கூட. சட்டத்தின் 45ஆம் பிரிவு, காலாவதியான வகையைச் சேர்ந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது என்பது சரியே. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலை இருந்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். சட்டம் கேட்பது வயதை அல்ல, அது சுடுமா என்பதை. சரிசெய்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்ன வார்த்தையே உங்கள் விலக்கை முறித்துவிடுகிறது. அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை உரிமம் இன்றி வைத்திருக்க 2020 பிப்ரவரியில் விதிகளில் இடம் தரப்பட்டது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளவும் முடியாது. அதிகாரியிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை உரிமம் தேவைப்படும் துப்பாக்கியாகவே அதைக் கருதுங்கள்.

பரணில் கிடந்தது தெரியாதவரை உங்கள் நிலை வேறு. ஒரு பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதே குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் தெளிவுபடுத்தியது. இப்போது உங்களுக்குத் தெரியும், எனக்குக் கடிதமும் எழுதிவிட்டீர்கள். உரிமம் இன்றி வைத்திருப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு என்பதால் தாமதம் கூடாது.

அதற்காக அஞ்ச வேண்டியதும் இல்லை. உரிமம் முடிந்தோ வேறு எக்காரணத்தாலோ வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்ட ஆயுதத்தை, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒப்படைத்தவர் தகுதி பெற்றதும் திரும்பப் பெறலாம், அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். விதிக்கப்பட்ட காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் அது அரசுக்குச் சேர்ந்துவிடும். உங்கள் தரப்பில் காலதாமதம் கால் நூற்றாண்டுக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் உரிமம் இன்றி வைத்திருக்கும் 3ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர, 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரான ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும். தானாக முன்வந்து எழுதிக்கொடுத்த கடிதம் அந்த மேசையில் உங்களுக்காகப் பேசும். துப்பாக்கியைக் காரில் வைத்து எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு வழக்கறிஞர் மூலம் காவல் ஆய்வாளருக்கு முதலில் கடிதம் கொடுத்து, வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். பெட்டியில் தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டில் வரிசை எண்ணும், துரு, விசைப் பழுது, செதுக்கு வேலை ஆகியவையும் இடம்பெற வேண்டும். காவல் நிலைய அறையின் ஈரம் பழைய இரும்பைத் தின்றுவிடும். ஆகவே அவர்கள் ஒப்புதலோடு உரிமம் பெற்ற வணிகரிடம் வைப்பதையே நான் விரும்புவேன்.

வைத்துக்கொள்வதென்றால், 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின் 25ஆவது விதிப்படி வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழும், உங்கள் தந்தையுடன் பிறந்தோர் உள்ளிட்ட மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பிரமாணப் பத்திரங்களும் தேவைப்படும். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதுவே உங்கள் முதல் சான்று. ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற 2019 வரம்பு குடும்பச் சொத்துக்கும் பொருந்தும். நோக்கம் என்ற இடத்தில் குடும்ப மரபுப்பொருள் என்று எழுதுங்கள். வேட்டை என்று எழுதினால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் விண்ணப்பத்தை அங்கேயே நிறுத்திவிடும். கூடலூர்க்காரர்கள் பலர் மறந்துவிடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும்: சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய உரிமம் வழங்க, அச்சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்இசைவு வேண்டும். முதுமலை பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் வீட்டின் தூரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, சட்டம் சொல்வதையே சேகரிப்பாளரும் சொல்வார்: தொடாதீர்கள். உரசி மெருகேற்றி, புதிதாக நீலப்பூச்சு ஏற்றிய குழல் விலையில் இறங்கும். மெருகேற்றும்போது வரிசை எண் தேய்ந்தால் அது படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தனிக் குற்றமாகவும் மாறலாம். தயாரிப்பாளரான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் பெயர், எண், குழலைச் சோதித்ததைக் காட்டும் பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரைகள், தோல் பெட்டி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் விலை. 470 என்பது குழல் துளையின் அளவு: 450 அளவுத் துளை கொண்ட துப்பாக்கிகளுக்கு அன்றைய ஆங்கிலேய இந்திய அரசு 1907இல் தடை விதித்த பிறகே 470 இங்கு பரவலாயிற்று. எனவே உங்களுடையது அதற்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வரிசை எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டிலிருந்து ஆண்டு தெரியவரும். நூறு ஆண்டு கடந்திருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது என்பதால் லண்டன் ஏல விலைகளைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். இங்கு வாங்கக்கூடியவர் உரிமமும், இரண்டில் ஓர் இடம் காலியும் உள்ளவர் மட்டுமே; அந்தச் சிறு வட்டம்தான் விலையைத் தீர்மானிக்கும்.

விற்பதே விருப்பமானால் நீங்கள் உரிமம் எடுக்க வேண்டியதில்லை. 21ஆம் பிரிவின்கீழ் ஒப்படைத்த இடத்திலிருந்தே விற்கலாம். உரிமம் பெற்ற பிறகு விற்பதானால், ஆட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்ற வேண்டும். விசையைச் சரிசெய்வதா, அப்படியே விடுவதா என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்ளட்டும்.