பந்து தவ்வுகிறது, யாரிடம் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

கீழ்ப் பேராக்கின் தோட்டப்பட்டணம் ஒன்றிலிருந்து ஒரே கோல்ஃப் திடலைப் பற்றி ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஊர் பெயரையும் கிளப் பெயரையும் எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் இருப்பது 9 குழித் திடல். துரைமார் காலத்தில் போட்டது. நான் பல வருட உறுப்பினர். இப்போது கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பந்து உருளாமல் தவ்வித் தவ்விப் போகிறது. ஃபேர்வேயில் (கிரீன் வரை நீளும் புல்வெளியில்) தண்ணீர் நிற்கிறது. முதல் அடி அடிக்கும் டீ மேட்டில் புல்லைவிடக் களைதான் அதிகம். எழுதிப் போட்டால் "கிளப்பிலே காசே இல்லை, இவருக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். புகார் செய்வதா, பொறுத்துப்போவதா?

பதில்: எழுதலாம். ஆனால் மூன்று குறையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளியும் வேறு.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் கரையோரக் களிமண், தாழ்ந்த நிலம். அங்குள்ள செம்பனைத் தோட்டங்களே வரப்புக் கட்டி, வாய்க்கால் வெட்டி, நீர்க்கதவு வைத்து, ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் தண்ணீரை வெளியே விடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை கொட்டித் தீர்த்தால், மறுநாள் காலை ஃபேர்வேயின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அதற்குப் புகார் எழுதினால் வருணனுக்குத்தான் அனுப்ப வேண்டும். மழை விட்டு இரண்டு முழு நாள் ஆகியும் நிற்கிறதென்றால், வாய்க்கால் ஓரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். வாய்க்காலில் நீர் இறங்கியிருந்து ஃபேர்வேயில் மட்டும் தேங்கி நின்றால் கோளாறு திடலுக்குள் இருக்கிறது: மண் இறுகியிருக்கும், அல்லது வடிகுழாய் அடைத்திருக்கும். வாய்க்காலே தளும்பி நின்றால் அடைப்பு வெளியே, தோட்டத்து வாய்க்காலிலோ நீர்க்கதவிலோ இருக்கிறது. அப்போது கிளப் செயலாளர்தான் தோட்ட நிர்வாகிக்குக் கடிதம் எழுத வேண்டும். புல் வெட்டுகிறவரைத் திட்டி ஆவது ஒன்றுமில்லை.

களையைப் பற்றிச் சொல்வதென்றால், டீ மேட்டில் கேழ்வரகுக் கதிர்போல விரல் விரித்து நிற்கிறதே, அதுவாகத்தான் இருக்கும். மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள். கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். ஆள் மிதித்து இறுகிய மண்ணென்றால் அதற்குக் கொண்டாட்டம். "மருந்து அடிச்சோம், சாகலை" என்று கிளப்பில் சொன்னால் சட்டென்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத சம்பாவ் புல், 1997-இல் நம் தெலுக் இந்தான் பழத்தோட்டம் ஒன்றில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்து விஞ்ஞானிகளிடம் நம் வட்டாரத்துக்கு இப்படியும் ஒரு பெயர்! ஆனால் மருந்து கேட்கவில்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மழைக்கு மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது, கதிர் முற்றுவதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும். முற்ற விட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். பிடுங்கிய இடத்தைக் கம்பி முள்ளால் குத்தி மண்ணைத் தளர்த்த வேண்டும். டீ குறிகளை இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி வைத்தால் மிதிபட்ட இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். இதற்கெல்லாம் பணம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். இதைத் தாராளமாக எழுதலாம்.

பந்து தவ்வுவதுதான் உண்மையில் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். கிரீனில் குனிந்து பத்துப் புல் நுனிகளைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நுனி கத்தரித்ததுபோல நேராக இருந்தால் கத்தியில் பழுதில்லை. நூல் பிரிந்ததுபோல் கிழிந்து, வெளுத்தோ பழுப்பாகவோ இருந்தால் வெட்டு இயந்திரத்தின் சுழல்கத்தி மழுங்கிவிட்டது, அல்லது சுழல்கத்திக்கும் அடிக்கத்திக்கும் உள்ள இடைவெளி விலகிவிட்டது. பட்டறையில் ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டுக்கும் நடுவில் விட்டுக் கையால் சுழற்றினால், கத்தியின் முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்ட வேண்டும். ஓர் ஓரம் வெட்டி மறு ஓரம் மடங்கினால் சரிசெய்யவில்லை என்று பொருள். அரைப்பசை தடவிச் சுழலைப் பின்னோக்கி ஓட்டித் தீட்டுவது அரைநாள் வேலைகூட இல்லை. பழைய கிளப்புகள் பலவற்றின் கிரீனில் இருப்பது குட்டைப் பெர்முடா என்ற புல்வகை. 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினால் போதும். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு, பந்து வேகமாக ஓடட்டும் என்று 3 மில்லிமீட்டருக்கு இறக்கினால் புல் மொட்டையடிக்கப்பட்டு மண் தெரியும். அந்த வெறும் மண்ணில் நிழலும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பாகப் பாசி படரும்.

நுனி நன்றாக இருந்தும் பந்து தவ்வுகிறதா? கிரீனில் பந்து விழுந்த பள்ளங்களை எண்ணுங்கள். ஒரே கிரீனில் பத்துக்கு மேல் ஆறாத பள்ளம் இருந்தால் குற்றவாளி பராமரிப்பு அல்ல, விளையாடுகிறவர்கள். அந்தப் பட்டியலில் நம் பெயரும் இருக்கக்கூடும்.

"காசில்லை" என்ற பதிலுக்கு வருவோம். மணல், உரம், புது இயந்திரம் ஆகியவற்றுக்கு அந்தப் பதில் நியாயம். சிறு கிளப்புக்குச் சந்தாவே வருமானம். ஆனால் காசு கேட்காத வேலைகளும் இருக்கின்றன. அலட்சியத்தை அங்கேதான் பிடிக்க வேண்டும். கையில் ஓர் அடிக்கோல் எடுத்துப் போங்கள். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிண்ணம் தரைக்குக் கீழே 25 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். விளிம்பு நொறுங்கி 115, 120 என்று அகன்றிருந்தால் குழியை நாள்கணக்கில் இடம் மாற்றவில்லை. ஆள் குறைந்த 9 குழித் திடலிலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பழைய குழியை மூடிய புற்கட்டி பணியாரம்போல் மேடாகவோ, பள்ளமாகவோ இருந்தால் அதுவும் அவசர வேலைதான். பங்கரில் (மணற்பள்ளத்தில்) கால்தடம் மூன்று நாளாக அப்படியே கிடந்தால், கீறிவிட ஒரு ஆளும் அரை மணியும் போதும்.

எழுதும் விதம்: மூன்று வாரம், வாரம் ஒரே கிழமையில், அதே மூன்று குழிகளைப் பாருங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் 20 சென் காசோ டீ குச்சியோ வைத்தால் அளவு புரியும். கடிதத்தில் தேதி, குழி எண், என்ன கண்டீர்கள், கடைசி மழை எப்போது என்பது மட்டும் இருக்கட்டும். "4-ஆம் கிரீன், 3 வாரமும் குழி ஒரே இடத்தில், குறுக்களவு 118 மி.மீ." என்ற ஒரு வரி, "திடல் நாசமாகிவிட்டது" என்ற ஒரு பக்கத்தைவிட வலுவானது. கௌரவச் செயலாளருக்கு எழுதி, திடல் பொறுப்புக் குழு உறுப்பினருக்கு ஒரு நகல் கொடுங்கள். திடல் மண்டோரின் (வேலையாட்களின் மேற்பார்வையாளரின்) பெயரைக் கடிதத்தில் இழுக்காதீர்கள். தோட்டப்பட்டணத்தில் அவர் உங்களுக்குச் சம்பந்தி முறையாகவும் இருப்பார். அது போக, மணல் வாங்கும் அதிகாரமோ ஆள் எடுக்கும் அதிகாரமோ அவரிடம் இல்லை.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானமாகக் கொடுங்கள். எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும், சிறப்புக் கூட்டம் கேட்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் கிளப் சட்டவிதியில் இருக்கும். 1966 சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான கிளப், பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கில் திடல் செலவு எவ்வளவு, கேண்டீன் செலவு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அங்கே கிடைக்கும். திடல் நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமா, குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குழு வடிகுழாய் பதிக்கத் தயங்கும்.

கேள்வி: போன வாரம் கிரீன் முழுக்க ஓட்டை போட்டு மணலைக் கொட்டியிருந்தார்கள். முழுக் கட்டணமும் வாங்கினார்கள். இது என்ன நியாயம்?

பதில்: ஓட்டை போட்டது நியாயம்தான். போடாத கிளப்பைப் பற்றித்தான் புகார் வர வேண்டும். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குக் காற்றும் நீரும் இறங்கவும், புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் சேரும் சக்கையைக் குறைக்கவும்தான் இந்த வேலை. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய் முள்ளால், 5 சென்டிமீட்டர் இடைவெளியில், 10 சென்டிமீட்டர் ஆழம் குத்தி மண்ணை எடுப்பார்கள். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 400 ஓட்டை. நிரப்ப 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக மணல். 400 சதுர மீட்டர் கிரீன் ஒன்றுக்கே 2 கன மீட்டர், அதாவது 3 டன் போல வரும். ஒன்பது கிரீனுக்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்குப் பெர்முடா இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும்.

ஒரு மாதம் கழித்தும் ஓட்டை தெரிந்தால் கேளுங்கள். உரம் போடாமல் குத்தியிருப்பார்கள், அல்லது மணலில் வண்டல் கலந்திருக்கும். மணலைச் சோதிப்பது சுலபம்: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு இரவு வையுங்கள். மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் அந்த மணல் ஓட்டையை அடைக்குமே தவிர வடிய விடாது.

கட்டண விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். எந்த வாரம் குத்தப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்டு, அந்த வாரம் கட்டணத்தைக் குறைப்பதுதான் முறை. ஓட்டை பந்தின் பாதையில் இருந்தால் நீங்களே மிதித்துச் சரிசெய்ய விதி இடம் கொடுக்காது. கிளப் தற்காலிக உள்ளூர் விதி போட்டால், பந்து ஓட்டைக்குள் சிக்கும்போது தண்ட அடி இல்லாமல் விலக்கி வைக்கலாம்.

கேள்வி: செம்பனைக் காட்டிலிருந்து பன்றிகள் வந்து 7-ஆம் ஃபேர்வேயை உழுதுவிடுகின்றன. பந்து அதற்குள் விழுந்தால் இருந்த இடத்திலேயே அடிக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: தவறு. விலங்கு தோண்டிய குழிக்கும் அது கிளறிப்போட்ட மண்ணுக்கும் கோல்ஃப் விதி 16.1-இன்படி தண்டமில்லாத விடுதலை உண்டு. தொந்தரவு இல்லாத மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டு, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், கொடி நிற்கும் குழிக்கு இன்னும் அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். கிளப் அந்த இடத்தைக் கோடு போட்டுப் பழுதுபார்க்கும் நிலமாக அறிவித்துவிட்டால் வாதமே இருக்காது. சுண்ணாம்புக் கோடு போட எழுதிக் கொடுங்கள். பன்றி வருவது புழுவையும் வண்டுப்புழுவையும் தேடித்தான். தோண்டிய இடத்தில் ஒரு சதுர அடிப் புல்லைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அதைக் கவனிக்காமல் வேலி மட்டும் போட்டால் பாதி வேலைதான் ஆகும்.

கேள்வி: நான் உறுப்பினர் இல்லை. பணம் கட்டி ஆடினேன். இரண்டு கிரீன் மூடிக் கிடந்தது, யாரும் சொல்லவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: போக உரிமை உண்டு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று வருடத்துக்குள் படிவம் 1 நிரப்ப வேண்டும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் கட்டணத்துக்கு அவ்வளவு தூரம் அலைவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ரசீதோடு அன்றைக்கே முகப்பில் கேட்டால், மழையால் ஆட்டம் நின்றால் கொடுக்கும் ரெயின் செக் சீட்டுபோல இன்னொரு நாள் ஆட்டம் கொடுத்துவிடுவார்கள். உறுப்பினர்களே நடத்தும் கிளப்பில் உறுப்பினர் ஒருவர் நடுவர் மன்றத்துக்குப் போவது, வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொள்கிற மாதிரி.

கேள்வி: திடலுக்குப் பின்னால் குடியிருக்கிறோம். அங்கிருக்கும் குளத்தால் டிங்கி வந்துவிடுமோ என்று பயம். பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடுதாசி அனுப்பலாமா?

பதில்: குளத்தை விடுங்கள். மீன் இருக்கும் திறந்த குளத்தில் ஏடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடாது. பட்டறைக்குப் பின்னால் அடுக்கிய பக்கி வண்டி டயர், மழைநீர் நிறைந்த பெயிண்ட் வாளி, டீ மேட்டுக் குப்பைத்தொட்டி, எறிந்த தண்ணீர்க் கிண்ணம் இவற்றில்தான் இடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கவிழ்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லலாம். 1975-ஆம் ஆண்டின் நோய்ப் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி அவர்கள் உள்ளே வந்து சோதிப்பார்கள்.

மொட்டைக் கடுதாசி வேண்டாம். எந்தத் தொட்டி, எந்தப் பக்கம் என்று திரும்பக் கேட்க ஆள் இல்லையென்றால் குழு அதை ஓரமாக வைத்துவிடும். வரிசையில் மூன்று வீட்டார் கையெழுத்துப் போடுங்கள், டயர் அடுக்கின் படத்தையும் கூட வையுங்கள்.