இலத்திரனை இழந்தால் நேரேற்றம் வருவது ஏன்?

கேள்வி: மகள் இந்த வருடம் ஓ.எல். எடுக்கிறாள். கற்றயன் (நேரேற்றமுள்ள அயன்), அன்னயன் (மறையேற்றமுள்ள அயன்) இரண்டையும் பாடமாக்கியும் சோதனையில் மாற்றி எழுதிவிடுகிறாள். "இழந்தால் கழித்தல் அடையாளம்தானே வரவேண்டும்?" என்று கேட்கிறாள். எப்படி விளங்கப்படுத்துவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நல்ல கேள்வி. அணு இழப்பது மறையேற்றமுள்ள இலத்திரனை. மறை போனால் மிஞ்சுவது நேர். பாடமாக்குவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் புரோத்தன் எண்ணிக்கையிலிருந்து இலத்திரன் எண்ணிக்கையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

சோடியத்தின் அணுவெண், அதாவது புரோத்தன் எண்ணிக்கை, 11. இலத்திரன் நிலையமைப்பு 2, 8, 1. வெளியோட்டில் இருக்கும் ஒன்று போனால் 11 – 10 = +1, இது கற்றயன். குளோரின் 2, 8, 7; ஒன்றை ஏற்றால் 17 – 18 = –1, இது அன்னயன். இரண்டிலும் புரோத்தன் எண்ணிக்கை மாறவே இல்லை. இரசாயனத் தாக்கத்தில் கரு அசையாது. "புரோத்தனைப் பெற்றதால் நேரேற்றம் வந்தது" என்று எழுதும் பிள்ளைகள் தவறுவது இங்கேதான்.

சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது? முதல் இலத்திரனை அகற்ற மூலுக்குச் சுமார் 496 கிலோயூல் போதும். இரண்டாவதை உள்ளோட்டிலிருந்து பிடுங்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 4,562 கிலோயூல் தேவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஏற்றம் ஏன் +1 என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

சூத்திரம் எழுதும்போது மொத்த நேரேற்றமும் மொத்த மறையேற்றமும் சமப்பட வேண்டும். அலுமினியம் +3, ஒட்சைட்டு –2. ஆகவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சைட்டு. மகனீசியம் ஒட்சைட்டில் எண்களைக் குறுக்கே மாற்றி "இரண்டுக்கு இரண்டு" என்று விட்டுவிடக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று எனச் சுருக்க வேண்டும்.

இந்தச் சமநிலையைப் பழகுவதற்கு, வயிற்றோட்டத்துக்குப் பார்மசியில் வாங்கும் ஜீவனி போன்ற கரைசலைவிட நல்ல கணக்கு கிடையாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சூத்திரப்படி தயாரித்த ஒரு லீற்றரில் சோடியம் 75, பொற்றாசியம் 20, குளோரைட்டு 65, சிற்றேற்று 10 மில்லிமூல் உண்டு. குளுக்கோசும் 75 உண்டு, ஆனால் அது அயனாகாது. கணக்கில் சேர்க்க வேண்டாம். நேரேற்றம் 75 + 20 = 95. மறையேற்றத்தை மகளே கூட்டட்டும். 75 என்று வந்தால், சிற்றேற்றின் ஏற்றம் –3 என்பதை மறந்து ஒன்றாக எண்ணியிருக்கிறாள். 10-ஐ மூன்றால் பெருக்கினால் 65 + 30 = 95, சரியாகிவிடும்.